சுருட்டை முடியும் இரண்டு டியூப்களும்

தலையை மூடிக்கொண்டு வெளியே போகும் முஸ்லிம் பெண்களுக்கு முடியைப் பற்றி என்ன கவலை என்று பிறர் நினைக்கக்கூடும். கல்யாண வீட்டில் பெண்கள் இருக்கும் பக்கத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். பர்தா கழன்றதும் அங்கே முதலில் கண்ணில் படுவது முடிதான். "என்ன புள்ள, முடியெல்லாம் கொட்டிப் போச்சு?", "என்ன எண்ணெய் பூசுற?" என்று தொடங்கும் விசாரணை சாப்பாட்டுச் சஹன் வந்து சேரும்வரை ஓயாது.

எங்கள் குடும்பத்தில் அந்த விசாரணையில் அதிகம் அகப்படுபவள் என் தங்கை. தரம் 8இல் படிக்கிறாள். வாப்பும்மாவிடமிருந்து வந்த இறுக்கமான சுருட்டை முடி அவளுக்கு. பெரியவாப்பாவின் மகளான ராத்தாவுக்கும் அதே முடிதான். "இந்த முடிய நேராக்கி விட்டா புள்ள எவ்வளவு வடிவா இரிக்கும்!" என்று உறவுக்காரர் ஒருவராவது ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்லிவிட்டுப் போவார். சொன்னவர் அடுத்த நிமிடமே மறந்துவிடுவார். தங்கை மறக்க மாட்டாள். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக்கு முன்னால் நின்று முடியை இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்துப் பார்ப்பாள்.

ராத்தாவின் கல்யாணம் நிச்சயமானபோது, தன் முடியை நேராக்கிக்கொள்ள வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். நகரத்துச் சலூன்களில் ஆண்களும் வேலை செய்கிறார்கள் என்பதால் அங்கே போக அவருக்கு மனமில்லை. பெண்கள் மட்டும் நடத்தும் பார்லரில் கேட்ட தொகை கல்யாணச் செலவோடு சேர்க்க முடியாததாக இருந்தது. ஆகவே கடையில் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"நீ உயர்தரத்துக்குக் கெமிஸ்ட்ரிதானே படிக்கிறாய்? இத வாசிச்சுச் சொல்லு."

பெட்டிக்குள் 1, 2 என்று இலக்கமிட்ட இரண்டு டியூப்களும், எறும்பு ஊர்ந்ததுபோல் சிறிய ஆங்கில எழுத்தில் ஒரு துண்டுப்பிரசுரமும் இருந்தன. பெட்டியின் வெளியே இருந்த அழகான பெண்ணின் படத்தைப் பார்க்கிறவர்கள் பலர். உள்ளே மடித்து வைத்திருக்கும் அந்தத் தாளை விரித்துப் பார்க்கிறவர்கள் சிலர்தான். நாங்கள் இருவரும் அகராதியையும் என் இரசாயனவியல் குறிப்புக் கொப்பியையும் வைத்துக்கொண்டு அதை முழுமையாக வாசித்தோம். அப்போது விளங்கிக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் இதை வீட்டில் செய்துகொள்கிற சகோதரிகள் நம் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முடி கெரற்றின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சங்கிலிகளைப் பக்கவாட்டில் பிணைத்து வைத்திருப்பவை கந்தக அணுக்கள் இரண்டு சேர்ந்து உருவாக்கும் இருசல்பைட்டுப் பிணைப்புகள். சுருட்டை முடியின் சுருளை நிலையாக வைத்திருப்பதில் இந்தப் பிணைப்புகளுக்குப் பெரும் பங்குண்டு. தண்ணீரில் நனைத்தாலும் சூடான இஸ்திரியால் அழுத்தினாலும் அவை உடைவதில்லை. அதனால்தான் அப்படி நேராக்கிய முடி ஈரம் பட்டதும் திரும்பவும் சுருண்டுவிடுகிறது. இரசாயனக் கிரீம் செய்வது அந்தப் பிணைப்பையே உடைப்பது.

உடைக்கும் வழிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று அமோனியம் தயோகிளைக்கொலேற்று உள்ள கிரீம். ராத்தா வாங்கியது இந்த வகை. இதன் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 9. முதலாம் டியூப் பிணைப்புகளைத் தாழ்த்தி உடைக்கிறது. முடி நேராக நிற்கும்போது, ஐதரசன் பேரொட்சைட்டு உள்ள இரண்டாம் டியூப் அவற்றை ஒட்சியேற்றி, புதிய இடத்தில் மீண்டும் பிணைக்கிறது. இரண்டாம் டியூப் வெறும் கண்டிஷனர் அல்ல. அதைப் பூசாமல் விட்டால் முடி உடைந்த பிணைப்புகளோடு பலமிழந்து நிற்கும்.

மற்றையது ஐதரொட்சைட்டு வகை. சோடியம் ஐதரொட்சைட்டு உள்ளதும் உண்டு; கல்சியம் ஐதரொட்சைட்டையும் குவானிடீன் காபனேற்றையும் பூசுவதற்குச் சற்று முன் கலக்கும் வகையும் உண்டு. இவற்றின் பீ.எச். 12க்கு மேலே 13, 14 வரை போகும். பீ.எச். அளவில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. 9க்கும் 13க்கும் இடையே இருப்பது நான்கு படி அல்ல, பத்தாயிரம் மடங்கு. எங்கள் தோலின் மேற்பரப்போ 5 அளவில் இலேசான அமிலத்தன்மை கொண்டது. "சோடியம் ஐதரொட்சைட்டு இல்லை" என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து அது தோலைச் சுடாது என்று நினைத்துவிடக் கூடாது. கலந்ததும் உருவாகும் குவானிடீன் ஐதரொட்சைட்டும் வலிமையான காரமே.

இந்த இரண்டு வகைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை. என் சாச்சி ஒருமுறை பார்லரில் தயோ வகையால் முடியை நேராக்கியிருந்தார். சில மாதங்களின் பின், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த ஐதரொட்சைட்டுப் பெட்டியைத் தலை முழுவதும் பூசினார். கழுவும்போது முடி கையோடு வந்தது. கழுத்துவரை வெட்ட வேண்டியதாயிற்று. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். நாற்பது சென்ரிமீற்றர் முடி திரும்பி வர மூன்று வருடங்களுக்கும் அதிகமாகும். சாச்சி அந்த மூன்று வருடங்களையும் எண்ணி எண்ணிக் கடந்தார்.

ஆகவே பூசுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த முடியில் இதற்கு முன் என்ன பட்டிருக்கிறது என்பதுதான். மருதோன்றியையும் மறக்கக் கூடாது. வீட்டில் அரைத்த மருதோன்றி வேறு, கடையில் விற்கும் சில கறுப்புச் சாயப் பக்கெட்டுகள் வேறு. உலோக உப்புகள் கலந்த சாயம் முடியில் இருந்தால், இரண்டாம் டியூபில் உள்ள பேரொட்சைட்டு அதனோடு தாக்கமடைந்து முடியைச் சூடாக்கிச் சேதப்படுத்தும். ராத்தாவின் முடியில் எண்ணெயைத் தவிர எதுவும் பட்டிருக்கவில்லை.

இரண்டாவது கேள்வி தலைத்தோலைப் பற்றியது. புண், சொறி, படை, பேன் கடித்துச் சொறிந்த கீறல் எது இருந்தாலும் அது ஆறும்வரை பொறுக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வைத்தியரிடம் கேட்காமல் தொடக் கூடாது. சிறு பிள்ளைகளுக்குப் பூசவே கூடாது.

கல்யாணத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன் நாங்கள் பரிசோதனையைத் தொடங்கினோம். காதுக்குப் பின்னால் ஒரு பயறு அளவு கிரீமைப் பூசி, தாளில் சொன்ன நேரத்தில் கழுவிவிட்டு, நாற்பத்தெட்டு மணித்தியாலம் பார்த்திருந்தோம். சிவக்கவில்லை, அரிக்கவில்லை. பின்னந்தலையில், வெளியே தெரியாத இடத்தில் ஒரு சிறு கற்றைக்கு மட்டும் இரண்டு டியூப்களையும் முறைப்படி பூசிப் பார்த்தோம். எத்தனை நிமிடம் போதும் என்பதை அந்தக் கற்றைதான் எங்களுக்குச் சொல்லித் தந்தது.

குறித்த நாளில் உம்மா முதலில் செய்த வேலை, குளியலறையில் நான்கு வாளிகளில் தண்ணீர் நிரப்பி வைத்தது. எங்கள் பகுதியில் குழாய்த் தண்ணீர் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. தலையில் கிரீமோடு இருக்கும்போது தண்ணீர் நின்றுபோனால் என்ன செய்வது? எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் இல்லாத, ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமான அறிவுரை அது.

அதன் பிறகு நடந்தவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன். ராத்தா முன்பக்கம் பொத்தான் வைத்த பழைய சட்டையை அணிந்துகொண்டார். தலைவழியாகக் கழற்றும் உடுப்பாக இருந்தால் கிரீம் முகத்தில் படும். இரண்டு நாட்களாக அவர் தலையைத் தேய்த்துக் கழுவவில்லை, சொறியவும் இல்லை. நெற்றியோரம், காது, பிடரி எல்லாம் வஸ்லின் பூசினோம். யன்னல்களைத் திறந்து மின்விசிறியைப் போட்டோம். அமோனியா வாடை மூக்கைத் துளைத்தது. நான் கையுறை போட்டுக்கொண்டு முடியை நான்கு பகுதிகளாகப் பிரித்து, பின்னாலிருந்து தொடங்கினேன். தலைத்தோலில் படாமல் அடியிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் விட்டுப் பூசினேன். பல்லகன்ற சீப்பால் மெதுவாக நீவினேனே தவிர இழுக்கவில்லை. பிணைப்பு உடைந்திருக்கும் அந்த நேரத்தில் முடிக்குப் பலமே இருக்காது.

தங்கையின் வேலை போனில் நிமிடம் பார்ப்பது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, "ராத்தா, எரியிதா?" என்று கேட்க வேண்டும். எரிந்தால் நேரம் முடியவில்லை என்று காத்திருக்கக் கூடாது, உடனே கழுவ வேண்டும் என்று மூவரும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். "கொஞ்சம் எரிஞ்சாத்தான் நல்லாப் பிடிக்கும்" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. எரிவது தோல் வேகிறது என்பதன் அடையாளம்.

நேரம் முடிந்ததும் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் வழியாதபடி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். வழுக்கல் போகும்வரை கழுவி, துவாயால் ஒற்றி எடுத்து, இரண்டாம் டியூபை ஓர் இடமும் விடாமல் பூசி, அதற்கும் நிமிடம் பார்த்துக் கழுவினோம். ஐதரொட்சைட்டு வகையாக இருந்திருந்தால் இந்த இடத்தில் பேரொட்சைட்டு அல்ல, காரத்தை நடுநிலையாக்கும் விசேட ஷாம்புவே வேண்டும். ஒன்றின் இரண்டாம் படியை மற்றொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது.

தவறுதலாகக் கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காமல், இருபது நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ் இருக்கிறது. தோலில் புண்ணானால் பற்பசை பூசுவது, காரத்தை அமிலம் முறிக்கும் என்று தேசிக்காய் பிழிவது எல்லாம் புண்ணை மோசமாக்கும். பரிசோதனைக் குழாயில் சரியாக நடக்கும் நடுநிலையாக்கல், வெந்த தோலில் வெப்பத்தையும் எரிவையுமே தரும். முதலுதவி தண்ணீர் மட்டுமே.

தயோ வகைக்குப் பிறகு இரண்டு மூன்று நாட்கள் முடியை நனைக்காமல், கட்டாமல், மடிக்காமல் வைத்திருக்கச் சொல்கிறார்கள். இங்கே நமக்குச் சில கேள்விகள் எழும். இஸ்லாம் பாட ஆசிரியையிடம் கேட்டோம். வுளூவில் தலையின் ஒரு பகுதியைத் தடவினாலே ஷாபிஈ மத்ஹபின்படி மஸ்ஹு நிறைவேறிவிடும் என்றார். ஆனால் கடமையான குளிப்பில் முடியின் அடிவரை தண்ணீர் சேர வேண்டும், முடிக்காக அந்தக் குளிப்பைத் தள்ளிப்போட முடியாது, ஆகவே நாளைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள் என்றார். ஸ்கார்பின் உள்தொப்பியும் பின்னும் முடியில் மடிப்பு விழுத்தும் என்பதால் ராத்தா அந்த மூன்று நாளும் வீட்டோடு இருந்தார்.

முடி அழகாகத்தான் வந்தது, அல்ஹம்துலில்லாஹ். அன்றிரவே தங்கை என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு கேட்டாள்.

"டியூபில மிச்சம் இரிக்கிதானே? எனக்கும் பூசி விடுங்களே."

நான் உடனே மறுக்கவில்லை. மறுநாள் காலை அவளுடைய சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்து இரண்டு சிறு கற்றைகளாகக் கட்டினேன். இரண்டிலும் மிச்சக் கிரீமைப் பூசி, ஒன்றைத் தாளில் சொன்ன நேரத்திலும், மற்றதை இரண்டு மணித்தியாலம் கழித்தும் கழுவினோம். முதலாவது மெதுவாகி நேராக நின்றது. இரண்டாவதை ஈரத்தோடு இழுத்தபோது இறப்பர்போல் நீண்டு, அறுந்து போனது. முடி நீக்கும் கிரீம்களில் இருப்பதும் இதே தயோகிளைக்கொலேற்றுக் குடும்பம்தான், காரத்தன்மை மட்டும் கூட என்று அவளுக்குச் சொன்னேன். முடியை நேராக்குவதற்கும் முடியைக் கரைப்பதற்கும் இடையில் இருப்பது பீ.எச். பெறுமானமும் சில நிமிடங்களும்தான். அறுந்த முடியை அவள் கையில் வைத்து நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உம்மாவிடம் வேறொரு விடயத்தைச் சொன்னேன். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 33,000க்கும் மேற்பட்ட பெண்களை ஏறத்தாழ பதினொரு வருடங்கள் தொடர்ந்து அவதானித்து 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முடி நேராக்கும் பொருட்களைப் பயன்படுத்தாத பெண்களில் 1.64 வீதமானோருக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் ஏற்படலாம் என்றும், அடிக்கடி பயன்படுத்துவோரில் அது 4.05 வீதம் என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள். அடிக்கடி என்பது வருடத்தில் நான்கு தடவைக்கு மேல். இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, கிரீம்தான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. ஒருமுறை பூசியவர் பயந்து நடுங்கவும் தேவையில்லை. ஆனால் பதின்மூன்று வயதில் தொடங்கும் ஒரு பிள்ளை வாழ்நாளில் எத்தனை தடவை பூசுவாள்? அடியிலிருந்து புதிய முடி சுருண்டுதான் வரும் என்பதால், தொடங்கியவர்கள் சில மாதத்துக்கு ஒருமுறை தொடர்ந்து பூச வேண்டியிருக்கும். உம்மா ஒரு பெருமூச்சு விட்டார். "இந்தப் புள்ளைக்கு வேணாம்" என்றார்.

தங்கைக்கு அது போதவில்லை. "அப்ப நான் இப்பிடியே அசிங்கமா இரிக்கவா?" என்றாள். அந்தக் கேள்விக்கு இரசாயனவியலில் விடை இல்லை.

நான் அவளுக்கு கரெட் மோர்கன் என்ற கறுப்பின அமெரிக்கரின் கதையைச் சொன்னேன். 1923இல் வீதிப் போக்குவரத்துச் சமிக்ஞைக் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றவர் அவர். அதற்கு முன் கிளீவ்லாந்து நகரில் தையல் இயந்திரங்களோடு வேலை செய்தபோது, ஊசியின் உராய்வால் துணி கருகாமலிருக்க ஒரு திரவத்தைத் தயாரித்தார். அதைத் துடைத்த கம்பளித் துணியின் நார்கள் நேராகி இருப்பதைக் கண்டே முடி நேராக்கும் கிரீமை உருவாக்கினார் என்று சொல்வார்கள். சுருண்ட முடி ஏளனமாகப் பார்க்கப்பட்ட நாடு அது. அதனால் கிரீம் நன்றாக விற்றது. அதே நாட்டில் கலிபோர்னியா மாநிலம், ஒருவரின் இயற்கையான முடியைக் காரணம் காட்டி வேலையிலோ பாடசாலையிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது 2019இல். ஏளனத்துக்குக் கிரீம் மருந்தல்ல என்பது விளங்க அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு எடுத்தது.

உம்மா அதைவிடச் சுருக்கமாகச் சொன்னார். நபி (ஸல்) அவர்களின் முடி முற்றிலும் நேரானதும் அல்ல, மிகவும் சுருண்டதும் அல்ல, இடைப்பட்டதாக இருந்தது என்று ஹதீஸ்களில் வந்திருப்பதை அவளுக்கு நினைவூட்டினார். "நேரான முடிதான் வடிவெண்டு ஒனக்கு ஆரு மகள் சொன்ன?" என்று கேட்டார். தங்கையிடம் பதில் இருக்கவில்லை. அன்றிலிருந்து உம்மா அவளுடைய முடியைக் காய்ந்த நிலையில் சீப்பால் இழுப்பதை விட்டுவிட்டார். ஈரமாக இருக்கும்போது கண்டிஷனர் பூசி, நுனியிலிருந்து விரலால் சிக்கெடுக்கிறார். முடி இப்போது சுருள் சுருளாகப் படிந்து நிற்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வளர்ந்த மகள் தன் விருப்பத்தால் முடியை நேராக்க விரும்பினால், பக்கத்தில் நின்று தாளை வாசியுங்கள், வாளியில் தண்ணீர் நிரப்பிக் கொடுங்கள். மறைவாகச் செய்யும்போதுதான் நிமிடம் பார்க்க ஆளில்லாமல் போகிறது. ஆனால் யாரோ சொன்ன சொல்லுக்காக அழுதுகொண்டு கேட்கும் சின்ன மகளுக்குக் கிரீம் வாங்கிக் கொடுக்காதீர்கள். சுருட்டை முடி நோயல்ல, ஆகவே இது மருந்தும் அல்ல. அலங்காரத்துக்காகப் புண்படத் தேவையில்லை.

கல்யாணம் முடிந்து மூன்று மாதங்களின் பின் ராத்தா எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்தார். அவர் ஸ்கார்பைக் கழற்றியதும் தங்கை அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். வகிட்டின் ஓரத்தில் ஒரு மயிரை இழுத்துப் பிடித்து அளந்தாள்.

"மூணு சென்ரிமீற்றர். எல்லாம் சுருட்டை. ஒங்கட முடியும் என்ட மாதிரித்தான் ராத்தா."

"அதுக்கென்ன," என்று சிரித்தார் ராத்தா. "இனி வளர்ற மாதிரி வளரட்டும்."